மன்னிப்பை யாரிடம் கேட்கிறார்கள்?

சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் வட்டாரத்து மக்களுக்கு நெருப்பின் கதையை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆதனூர் நந்தன் தில்லைக்குள் நுழையத் தீயில் மூழ்கி எழுந்தான் என்கிறது புராணம். கேட்டுக் கேட்டுப் பக்தர்கள் கண்ணீர் வடிக்கின்றனர். தீ வளர்த்தவர்களுள் ஒருவரேனும் நந்தனிடம் மன்னிப்புக் கேட்டதுண்டா? இல்லை! தூய்மை பெற வேண்டியவன் நந்தனாம். தடுத்து நிறுத்தியவர்கள் பிறவியிலேயே தூயவர்களாம்!

அந்த மண்ணில் நின்றுகொண்டுதான் கிறித்தவ அன்பர்களிடம் ஒன்று கேட்கத் துணிகிறோம். அவர்தம் மறையில் மன்னிப்பு வெறும் அணிகலன் அன்று, அடித்தளம். ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்க, ஏழெழுபது முறை என்றாராம் ஏசு. நாள்தோறும் சொல்லும் மன்றாட்டிலும், பிறர் பிழையைத் தாம் பொறுப்பதைச் சொல்லித்தான் தம் பிழையைப் பொறுக்க வேண்டுகின்றனர்.

ஏட்டுச் சுரைக்காய் என்று இதனை நாம் எள்ளி நகையாட மாட்டோம். 1999 சனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. ஆத்திரேலியாவிலிருந்து வந்து, 1965 முதல் அம்மாநிலத்தில் வாழ்ந்து, தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸ், 10 வயது பிலிப், 6 வயது திமோத்தி என்ற மைந்தர் இருவரோடு, உறங்கிக்கொண்டிருந்த வண்டியிலேயே கொளுத்தப்பட்டார். மதவெறியின் கைவண்ணம் அது! துணைவியார் கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்தேன் என்றார். மன்னித்ததோடு ஓடிவிடவுமில்லை, 2004 வரை அங்கேயே இருந்து அதே நோயாளரைப் பேணினார். கடவுளைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறு. அந்த அம்மையாரின் நெஞ்சுரத்துக்கு நாம் தலை வணங்குகிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் மன்னித்ததால் வழக்கு மடிந்துவிடவில்லை. முதற் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-இல் தூக்குத் தண்டனை. 2005-இல் உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கிற்று. 2011-இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது. மன்னிப்பு அந்த அம்மையாரின் உரிமை, நீதி நாட்டின் கடமை. முன்னதைக் காட்டிப் பின்னதை எவரும் தட்டிக் கழிக்க முடியவில்லை.

நம் பக்கத்து நிலைமை என்ன? புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்து எறையூரில், ஒரே கோயில், ஒரே மறை, ஆனால் தெரு வேறு, இடுகாடு வேறு! தாழ்த்தப்பட்ட கிறித்தவர்கள் தமக்கெனத் தனிப் பங்கு கேட்டுப் போராடினர். 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது, வீடுகள் தாக்கப்பட்டன, போலீசார் சுட்டதில் 2 உயிர்கள் மாய்ந்தன. சிலுவையின் நிழலில் சாதி அவ்வளவு சுகமாகக் குடியிருந்தது!

இத்தகைய ஊர்களில், அடித்தவன் மார்பை நிமிர்த்தி நடப்பான். அடிபட்டவனிடம்தான் அறிவுரை போகும். "மன்னித்துவிடு, அதுதானே நம் மதம்!" என்னே கருணை! வரி தண்டிய சகேயு மனம் மாறியபோது என்ன செய்தான்? பறிகொடுத்தவர்களைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனானா? அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவேன் என்றல்லவா சொன்னான்! பதினாயிரம் தாலந்துக் கடன் தள்ளுபடியான பின், நூறு வெள்ளிப்பணத்துக்காகத் தோழனின் குரல்வளையைப் பிடித்தவனின் கதையும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. அதை மட்டும் சாதிக்கார விசுவாசிகள் ஏன் படிப்பதில்லை?

இது வெளியாரின் பழிச்சொல் என்று ஒதுக்கவும் வழியில்லை. திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு, அது கொடிய பாவம் என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதைப் பாராட்டுகிறோம். ஆனால் சகேயுவின் கணக்கு எங்கே? எத்தனை இடுகாட்டுச் சுவர்கள் இடிந்தன, எத்தனைத் தெருக்கள் பிணத்துக்கும் தேருக்கும் திறந்தன, பூட்டி வைத்தவர்களுள் எத்தனை பேர் சேரிக்குச் சென்று கைகூப்பினர் என்று, ஊர் ஊராக எழுதிக் கோயில் கதவிலேயே ஒட்டட்டும்.