மோட்டார் சைக்கிளும் தோட்டப் பாதையும்

நாலு இளைஞர் ஓரிடத்திற் கூடினால் அரசியல் பேசுவர், அல்லது சினிமாப் பேசுவர் என்பது பழைய வழக்கு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் அவ்வழக்கு இப்போது சற்று மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையிலே இறக்குவானையிலோ, காவத்தையிலோ, தெரணியகலையிலோ, எட்டியாந்தோட்டையிலோ தேநீர்க் கடை வாசலில் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களைக் காணலாம். அவற்றைச் சூழ்ந்து நிற்போரின் சம்பாஷணையைச் சற்றே செவிமடுத்தால், அங்கே வேறு விஷயம் எதுவுமில்லை. "அண்ணே, லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?" என்று ஒருவர் கேட்கிறார். "எறக்கத்துக் கணக்கைக் கேக்காதீங்க தம்பி, ஏத்தத்துக் கணக்கைக் கேளுங்க" என்று மற்றவர் விடையிறுக்கிறார். எந்த டயர் சேற்றில் பிடிக்கும், எந்த வண்டிக்கு உதிரிப்பாகம் மலிவு, பழைய ஹொண்டா நல்லதா புதிய பஜாஜ் நல்லதா என்று, இருட்டும் வரையில் வாதம் நடக்கிறது.

இப்பேச்சைக் கேட்டு ஆசிரியர் சிலரும் பெற்றோர் பலரும் முகஞ்சுளிக்கின்றனர். படிக்க வேண்டிய பிள்ளை பற்சக்கரத்தையும் செயினையும் பற்றிப் பேசிப் பொழுதைப் போக்குகிறானே என்பது அவர்கள் மனக்குறை. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அதனை வீண்பேச்சென்று ஒதுக்கிவிட நாம் ஒருப்படவில்லை. தோட்டத்து இளைஞன் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் தோட்டத்துப் பாதையைப் பற்றியே பேசுகிறான். இதனை எடுத்துக்காட்டுவதே இன்று நமது நோக்கம்.

அவன் சொல்லும் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். "ஷொக் ஆறு மாசம் தாங்காது" என்கிறான். அது வண்டியின் குற்றமா? வெள்ளைக்காரர் காலத்திலே கருங்கல் பதித்துப் போட்ட பாதை, கல் பெயர்ந்து குழியாகிக் கிடக்கிறது. எந்த நாட்டு ஷொக் அதனைத் தாங்கும்? "ஏற்றத்தில் பெற்றோல் குடிக்கிறது" என்கிறான். முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஏறவேண்டிய பாதையில், யந்திரம் அதிகமாகச் சுழன்று குறைந்த தூரமே செல்கிறது. விளம்பரத்திற் காணும் கணக்கு அங்கே செல்லாது. "செயின் துருப்பிடிக்கிறது" என்கிறான். இரத்தினபுரியிலே ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. காலையில் இட்ட எண்ணெயை மாலை மழை கழுவிக்கொண்டு போகிறது. இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களிலோ பாதை முழுவதும் சருகு. அதன்மேல் ஒரு மழை விழுந்தால், தேர்ந்த கையும் தடுமாறும்.

இறக்குவானையிலிருந்து சூரியகந்தைக்கு ஏறும் புலுத்தோட்டைக் கணவாயிலே பத்துக் கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவ்விறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தவாறே வருதல் கூடாது. பிரேக் சூடேறித் தன் பிடியை இழக்கும். கீழ்க் கியரில் விட்டு, யந்திரத்தின் இழுவையாலேயே வேகத்தை அடக்கி, வளைவுக்கு முன்னரே நிதானித்து இறங்குதல் வேண்டும். இதனைத் தேநீர்க் கடையில் நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை தெளிவாகச் சொல்கிறான். பௌதிகப் பாடத்திலே உராய்வையும் சக்தி மாற்றத்தையும் படிப்பிக்கத் திணறும் ஆசிரியர்கள், அவனை ஒருமுறை வகுப்பின் முன்னே அழைத்துப் பேசச் சொன்னால் என்ன?

இனி, இவ்வண்டி தோட்டத்துக்கு வந்த வரலாற்றையும் சற்று நோக்குவோம். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்திலே மோட்டார் சைக்கிள் என்றால், அது துரையின் வாகனம். சின்னத்துரை மலைக்கு மலை அதில் ஏறிச் சென்று வேலை பார்ப்பார். அந்த ஒலி கேட்டதும் தொழிலாளர் பாதையோரம் ஒதுங்கி நின்ற காலத்தை முதியோர் இன்னும் சொல்வர். துரைமாருக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது. நுவரெலியாவிலே மகாகஸ்தோட்டைத் தோட்டத்து மலைப்பாதையில் வாகனங்களை விரைந்தேற்றும் போட்டி 1934இல் தொடங்கியது. கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறுவோருக்கு வேதனையாயிருந்த அதே ஏற்றம், பந்தயக்காரருக்கு விளையாட்டாயிற்று. அன்று பாதையோரம் ஒதுங்கியவரின் பேரனும் பேர்த்தியும் இன்று அதே பாதையில் தம் சொந்த வண்டியில் ஏறுகின்றனர். இது சிறிய மாறுதலன்று. லயத்து அறை தன்னுடையதன்று, காலடி மண்ணும் தன்னுடையதன்று என்ற நிலையில் வாழும் குடும்பத்திலே, தன் பெயரில் பதிவான முதற் பெரும் பொருள் ஒரு மோட்டார் சைக்கிளாயிருப்பதை நாம் பல வீடுகளிற் காண்கிறோம். அதனைத் துடைத்துத் துடைத்து வைக்கும் இளைஞனை எள்ளுவோர், அதன் பொருளை உணராதவரே.

ஆயின், அவன் ஏன் வண்டி வாங்கினான்? வேடிக்கைக்காக மட்டுமா? களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஒரு காலத்தில் எட்டியாந்தோட்டைக்கும் இரத்தினபுரிக்கும் ஓடிற்று. எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வரை சென்ற பாதை 1976இல் கைவிடப்பட்டது. அதன்பின் பஸ்ஸே கதி. பஸ்ஸோ பெருந்தெருவில் ஓடுவது. தோட்டத்தின் மேற்பிரிவுக்குப் பெரும்பாலும் ஏறுவதில்லை. சந்தியில் இறங்கி ஐந்து மைல், ஆறு மைல் நடக்க வேண்டிய டிவிஷன்கள் இன்னமும் உள. காலையிலே சீதாவாக்கைக் கைத்தொழில் வலயத்துக்கு வேலைக்குச் செல்பவனும், பலாங்கொடைக் கடைக்குச் செல்பவனும், வேறு தோட்டத்துப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியையும் வண்டி வாங்காமல் என் செய்வர்? ஸ்கூட்டரில் தலைக்கவசம் அணிந்து செல்லும் தோட்டத்து ஆசிரியையைக் கண்டு முதலில் வியந்தவர்கள், இப்போது தம் மகளுக்கும் ஒன்று வேண்டுமென்கின்றனர்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டார். பெற்றோல் விலை அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறிற்று. பின்னர் க்யூ.ஆர். அட்டைப் பங்கீடு வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்குக் கிடைத்தது 4 லீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் என்று வைத்தால் 200 கிலோமீற்றர். நாள்தோறும் 15 கிலோமீற்றர் இறங்கி 15 கிலோமீற்றர் ஏறுபவனுக்கு ஆறு நாளிலே 180 கிலோமீற்றர் வேலைக்கே சரியாகிவிடும். அதுவும் சமதரைக் கணக்கு. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் எந்த லீற்றரில் ஆஸ்பத்திரிக்குச் செல்வது? 2023 செப்டெம்பரில் அப்பங்கீடு நீங்கிற்று. எனினும் லீற்றர்க் கணக்குப் பேசும் பழக்கம் நீங்கவில்லை. அது கஞ்சத்தனமன்று, அவ்வாண்டு கற்பித்த பாடம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை நீண்டது. அவ்வைந்தாண்டுகளில் பழைய வண்டியின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. இன்றும் வண்டி பல இலட்ச ரூபாய்ப் பொருள். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 1,350 ரூபாய்க் கணக்கில் ஓர் இலட்சம் ரூபாய் என்பது உண்ணாமல் உடுக்காமல் 74 நாள் உழைப்பு. ஆகவே பலரும் லீசிங்கில் வாங்குகின்றனர். ஒரு மாதத் தவணை தவறினால் மனம் பதைக்கிறது. பஸ் ஓடாத பாதைக்கும் ரயில் நின்ற பாதைக்கும் உரிய செலவைத் தொழிலாளியின் குடும்பம் வட்டியோடு கட்டுகிறது என்றே நாம் இதனைக் கருதுகிறோம்.

பாதையை யார் திருத்துவது? இங்கேதான் பழைய முடிச்சு இருக்கிறது. தோட்டத்துப் பாதை தோட்ட நிர்வாகத்துக்குரியது என்று பிரதேச சபை கைவிரித்தது. கொழுந்து லொறி போகக் கண்டாற் போதும் என்று நிர்வாகம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டப்புறங்களிற் செலவாவதற்குத் தடையாக நின்றது. வாக்களிக்கும்போது சபைக்குரியவர், பாதை கேட்கும்போது தோட்டத்துக்குரியவர் என்ற விந்தையான நிலை முப்பதாண்டு நீடித்தது. 2018இலே அப்பிரிவு திருத்தப்பட்டது. ஆனால் 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, இரண்டாண்டுக்கு மேலாகத் தெரிவான உறுப்பினரே இல்லாமற் போயினர். 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் சபைகள் மீண்டும் கூடியுள்ளன. சட்டத்தின் சாக்கு இனி இல்லை. எந்தெந்த டிவிஷனுக்கு எத்தனை மைல் பாதை, அதில் எவ்வளவு எந்த ஆண்டில் செப்பனிடப்படும் என்பதை ஒவ்வொரு சபையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மக்கள் பார்வைக்கு ஒட்டுதல் வேண்டும். 1990 என்ற எண்ணை அழைத்தால் அம்புலன்ஸ் வரும் காலம் இது. ஆனால் அதுவும் பாதை விட்ட இடம் வரைதானே வரும்? அதற்கப்பால் நோயாளியை மோட்டார் சைக்கிளில் இருவர் நடுவே இருத்திக் கொண்டுவரும் அவலத்துக்கு முடிவு வேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். நம் நாட்டில் வீதி விபத்துகளில் உயிரிழப்போரிலே மிகப் பெரிய பங்கினர் மோட்டார் சைக்கிளிற் செல்வோரே. "தோட்டத்துக்குள்ள பொலிஸ் இல்ல, ஹெல்மட் எதுக்கு?" என்ற அபிப்பிராயத்தையும் அதே தேநீர்க் கடையிற் கேட்கிறோம். தலைக்கவசம் பொலிஸாருக்கு வைக்கும் வணக்கமன்று. கல்லுக்குத் தோட்டப் பாதையென்றும் பெருந்தெருவென்றும் பேதம் கிடையாது. ஒரே வண்டியில் மூவர் ஏறுவதையும், மது அருந்தி இறக்கத்தில் விரைவதையும் வீரமென்று கொண்டாடும் நண்பர், நண்பரல்லர். தவணை முடியாத வண்டி முற்றத்தில் நிற்க, அதனை வாங்கியவன் இல்லாத வீடுகள் நம் தோட்டங்களில் வேண்டா.

உலகத்தின் வேறோர் மூலையிலிருந்து ஓர் உதாரணம் நினைவுக்கு வருகிறது. 1952இலே ஏர்னெஸ்டோ சே குவேரா என்ற வைத்திய மாணவர் தம் நண்பரோடு பழைய நோர்ட்டன் மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டார். வேடிக்கையாகத் தொடங்கிய பயணம் அது. சிலி நாட்டில் வண்டி பழுதாகிக் கைவிடப்பட்டது. அதன்பின் நடந்தும் பிறர் வாகனங்களில் ஏறியும் சென்றபோதுதான், சுரங்கத் தொழிலாளரின் வாழ்வை அவர் அருகிருந்து கண்டார். 1959இல் அவர் இலங்கைக்கு வந்து, ஹொரணையில் ஓர் இறப்பர்த் தோட்டத்தையும் பார்வையிட்டார். அவர்தம் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. வண்டிப் பேச்சில் தொடங்கியவர் பாதையையும், பாதையில் தொடங்கியவர் மனிதரையும் காணக்கூடும் என்பதற்கே இதனைச் சொல்கிறோம்.

இறுதியாக நம் இலக்கிய அன்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்ட மக்களின் வாயிற் பிறந்த பாடல்களைத் தேடித் தொகுத்திராவிடின், எத்தனையோ பாடல்கள் பாடியவரோடே போயிருக்கும். அப்பாடல்களைப் போலவே இன்றைய பேச்சும் மக்கள் வாயிற் பிறப்பதுதான். "எறக்கத்துக் கணக்கைக் கேக்காதீங்க, ஏத்தத்துக் கணக்கைக் கேளுங்க" என்ற வாசகத்தை எந்தப் புலவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆசிரியர்கள் அடுத்த கட்டுரைப் பாடத்துக்கு "மழைக்காலம்", "நான் விரும்பும் தலைவர்" என்ற தலைப்புகளைச் சற்றே ஒதுக்கிவைத்து, "எங்கள் வீட்டிலிருந்து சந்தி வரை" என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பார்க்கட்டும். எந்த இடத்தில் கல் பெயர்ந்தது, எந்தப் பாலத்தில் தடுப்பில்லை, எந்த வளைவில் யார் விழுந்தார் என்று பிள்ளைகள் எழுதுவர். நல்ல கட்டுரைகளை வகுப்பிலே வாசிக்கட்டும். பின்னர் அவற்றின் பிரதிகளைப் பிரதேச சபைத் தவிசாளருக்கு அனுப்பிவைக்கட்டும்.