காதால் கேட்கும் பாடம் பட்டத்துக்கு உதவுமா?

வெளிமாநிலத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு படிக்க ஆசைப்பட்ட தமிழருக்கு ஒரு காலத்தில் அஞ்சல் வழிக் கல்விதான் கைகொடுத்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் இதைத் தொடங்கின. மும்பையிலும் பெங்களூரிலும் பியூனாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவும், குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியாகவும் உயர்ந்த நம்மவர் பலருக்கு அந்தத் தபால் கட்டுகளே துணை. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு அணை போட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் எல்லையைத் தாண்டித் தொலைநிலைக் கல்வி நடத்தக் கூடாது என்று உத்தரவாயிற்று. வெளிமாநிலப் படிப்பு மையங்களை மூட வேண்டியதாயிற்று.

இப்போது கதவு வேறு பக்கமாகத் திறந்திருக்கிறது. அனுமதி பெற்ற இணையவழிப் பட்டப்படிப்புகளுக்கு இந்த எல்லைக் கட்டுப்பாடு இல்லை. மேலும், 2017-ல் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் படித்துத் தேறும் பாடங்களை, ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 சதவீதம் வரை கல்லூரிகள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2021-ல் மானியக் குழு அனுமதித்தது. முன்பு இது 20 சதவீதமாக இருந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் இந்தப் பாடங்களெல்லாம் பெரும்பாலும் வீடியோவாகவே வருகின்றனவே, அவற்றை உட்கார்ந்து பார்க்க நம்மவருக்கு நேரம் ஏது?

டோம்பிவிலியிலிருந்து சி.எஸ்.டி.க்குப் போய்வரும் குமாஸ்தாவுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே கழிகிறது. ஒரு கையில் பிடிகம்பி, மறுகையில் சாப்பாட்டுப் பை. கண்ணும் கையும் வேலையாக இருக்கின்றன, காது மட்டும் சும்மா இருக்கிறது. லேத் பட்டறையில் நிற்பவருக்கு அந்தக் காதும் ஓய்வில்லை. ஆனால் வேலைக்குப் போகும் பஸ்ஸில் உண்டு. இந்தக் காதுக்காகவே பிறந்தது 'பாட்காஸ்ட்'. விரும்பிய வேளையில் செல்போனில் இறக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்கக்கூடிய ஒலிப் பாடம் அது. செலவும் குறைவு. ஒரு மணி நேரப் பேச்சுக்கு முப்பது மெகாபைட் போதும். வீடியோவுக்கு அதைப்போல் பத்து மடங்கு வேண்டியிருக்கும்.

பாட்காஸ்ட் என்ற பெயரே 2004-ல்தான் பிறந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் புதிதாய்ச் சேர்ந்த 1,600-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஐபாட் கருவி வழங்கிப் பரிசோதனை செய்தது. அதே 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் தன் வளாகத்திலிருந்து 'அண்ணா எப்.எம்.' என்ற சமுதாய வானொலியைத் தொடங்கியது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. அதற்கும் முன்னதாக, 2001-லேயே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 'ஞான வாணி' வானொலி தொடங்கிவிட்டது. ஆக, காது வழிக் கல்வியில் நாம் யாருக்கும் பின்தங்கியிருக்கவில்லை.

பின்னால் நடந்ததுதான் வருத்தத்துக்குரியது. பிரசார் பாரதிக்குச் செலுத்த வேண்டிய கட்டணப் பாக்கியால் 2014-ல் ஞான வாணி ஓய்ந்தது. பாடம் கேட்க ஆள் இல்லாமலா நின்றது? வாடகை கட்டாமல் நின்றது! கவனம் முழுவதும் வீடியோவுக்குத் திரும்பிவிட்டது. ஸ்வயம் பாடம் என்றால் வீடியோவும் ஒலியும் என்றுதான் விதியில் இருக்கிறது. நடைமுறையில் ஒலியைக் காண்பது அரிது. பல வீடியோப் பாடங்களில் பேராசிரியர் பேசிக்கொண்டே இருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் குரலைத் தனியே பிரித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தொகையைக் காதால் கேட்டுப் போட முடியாது. இயந்திர வரைபடத்துக்குக் கண் வேண்டும். சட்டம், பொருளாதாரம், வரலாறு, நிர்வாகம், ஆங்கிலப் பேச்சு ஆகியவற்றுக்குக் காது தாராளமாகப் போதும்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு அரசு காட்டிய தாராளத்தை இங்கே ஒப்பிடத் தோன்றுகிறது. 2018-ல் அவர்களுக்காக ஸ்வயத்தில் 'அர்பித்' என்ற புத்தொளிப் பயிற்சி தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தே நாற்பது மணி நேரப் பாடம் படித்துத் தேர்வில் தேறியவர்களின் பதவி உயர்வுக்கு அது கணக்கில் சேர்ந்தது. வங்கிக் குமாஸ்தாவும் ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேறினால் ஊதிய உயர்வு பெறுகிறார். மற்ற அலுவலகங்களில், தொழிற்சாலைகளில், இரவு கண்விழித்துப் படித்தவனுக்கு இப்படி ஒரு கணக்கு உண்டா? பெரும்பாலும் இல்லை. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் போனசுடன் இதையும் கேட்கலாம்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2013-ல் கைநழுவிய வெளிமாநில மாணவர்களை இணையவழியில் திரும்ப அழைக்கும்போது, தமிழில் ஒலிப் பாடங்களையும் சேர்த்துத் தர வேண்டும். புதிதாக ஒலிப்பதிவுக் கூடம் கட்டச் சொல்லவில்லை. வகுப்பறையில் ஒரு மைக் வைத்தாலே வேலை தொடங்கிவிடும்.

அதுவரையில் ஒரு எச்சரிக்கை. பாட்காஸ்ட் கேட்டாலே சான்றிதழ் என்று பணம் கேட்கும் விளம்பரங்களை நம்பிவிடாதீர்கள். பட்டப்படிப்பானால், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரோடு, நீங்கள் சேரும் படிப்பின் பெயரும் அந்த ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கட்டணத்தைக் கட்டுங்கள்.