காம்பவுண்டு மோட்டாரும் லினக்ஸ் சர்வரும்

மதுரைல காம்பவுண்டு வீட்டுல குடியிருந்தவங்களுக்கு இது டக்குன்னு புரியும். எட்டு வீட்டுக்கு ஒரே மோட்டார். புது மாடல் வந்திருக்குன்னு ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா மாத்தி, அது ஓடலைன்னா, காலைல எட்டு வீடும் குடத்தோட நிக்கும். பல பேர் பங்கு போடுற சர்வரும் அப்படித்தான் மக்களே.

நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நண்பர்கள் ஆறு பேர் காசு போட்டு எடுத்த சர்வர்ல ஃபெடோரா போட்டிருந்தேன். எல்லாமே லேட்டஸ்ட்டுன்னு ஒரு பெருமை! ஆறு மாசத்துக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொண்ணுக்கும் ஆதரவு சுமார் 13 மாசம்தான். 2017 பொங்கலுக்கு முந்தின வாரம் 24லேர்ந்து 25க்கு மாத்தினேன். கூடவே பிஎச்பி 7 வந்துச்சு. பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை அதுல அடியோட தூக்கிட்டாங்க. சுங்குடி சேலை விக்கிற நண்பரோட கடைப்பக்கம் முழுக்க அதை வச்சுத்தான் எழுதினது. பொங்கல் நேரத்துல நாலு நாள் ஆர்டர் இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணே"ன்னார். அவ்வளவுதான். எனக்குப் பேச்சே வரலை.

அவர் நிரலும் பழசுதான், மறுக்கலை. அந்த ஃபங்ஷன்கள் போகப்போகுதுன்னு 2013லேயே எச்சரிச்சிருந்தாங்க. ஆனா நான் டெபியன் 8 போட்டிருந்தா பிஎச்பி 5.6 அப்படியே ஓடியிருக்கும். பாதுகாப்புத் திருத்தம் 2018 வரைக்கும், நீட்டிப்போட 2020 ஜூன் வரைக்கும் வந்துச்சு. மாத்தி எழுத அவருக்கு மூணு வருசம் கிடைச்சிருக்கும். நான் குடுத்தது ஒரு ராத்திரி.

"பழசுன்னா ஓட்டை இருக்குமே?"ன்னு கேப்பீங்க. டெபியன் ஸ்டேபிள்ல பதிப்பு எண்தான் பழசு; ஓட்டையை மட்டும் அதே பதிப்புல அடைச்சுக் குடுப்பாங்க. புதுசுதான் பாதுகாப்புன்னும் சொல்ல முடியாது. 2024 மார்ச்ல எக்ஸ்-இசட் 5.6.0, 5.6.1ல திருட்டுக் கதவு இருந்தது அம்பலமாச்சு. டெபியன் டெஸ்டிங், ஃபெடோரா ராஹைடு வரைக்கும் அது வந்திருந்துச்சு; டெபியன் ஸ்டேபிளுக்கு வரவே இல்லை.

ஸ்டேபிள்னு பேர் இருந்தா மட்டும் போதாதுங்கறதையும் சொல்லணும். சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரைக்கும் ஆதரவுன்னு நம்பியிருந்தவங்களுக்கு, 2021 டிசம்பரோட முடிஞ்சதுன்னு ஒரு வருசம் முன்னாடி குண்டு போட்டாங்க. வாக்கு குடுக்கிறது யாருன்னும் பாக்கணும்.

என் லேப்டாப்புல ஆர்ச்தான், தினமும் அப்டேட்டுதான். உடைஞ்சா என் தூக்கம் மட்டும்தான் போகும். சர்வர்ல உடைஞ்சா அடுத்தவன் பொழப்பு போகும். அங்க புதுசுக்கு ஆசைப்பட எனக்கு உரிமை இல்லை.

டிஸ்கி: இப்போ சர்வர்ல டெபியன். மாத்துறதுக்கு முன்னாடி நகல் எடுத்துச் சோதிச்சு, ஆறு பேருக்கும் தேதி சொல்லிட்டுத்தான் கை வைக்கிறேன். சுங்குடிக்காரருக்குத்தான் முதல் போன்!