கேஸ் கிரில் வாங்குவதற்கு முன்: முற்றம் யாருடையது?

"மாசத்துக்கு ஒரு ஞாயிறு எல்லாரும் சேர்ந்து கறி சுடலாம்னு இருக்கோம். பணம் போட்டு கேஸ் கிரில் வாங்கலாமா, கரி அடுப்பே போதுமா? எத்தனை பர்னர் வேணும்?" படிப்பு வட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் இப்படியும் கேள்விகள் வருகின்றன. அரசியல் பேசும் இடத்தில் அடுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். அடுப்பைத் தொடாத சாதி ஒழிப்பு அரசியல் எங்கே இருக்கிறது? யார் சமைத்ததை யார் உண்பது, எந்தக் கறி எந்தத் தெருவில் வேகலாம், எந்தப் புகை யார் மூக்கில் ஏறக் கூடாது என்று விதி போட்டுத்தானே சாதி இவ்வளவு காலம் உயிர் வாழ்கிறது. ஆகவே கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்வோம்.

கேஸ் கிரில் வாங்குங்கள். கூட்டாக வாங்குங்கள். நேரமும் உழைப்பும் நுரையீரலும் மிச்சமாகும் என்பதற்காக வாங்குங்கள். 'சுத்தமான அடுப்பு', 'டீசன்டான அடுப்பு' என்று யாராவது விற்றால் மட்டும் அந்தச் சொற்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏன் என்று பார்ப்போம்.

விளம்பரத்தில் வரும் முற்றம்

கிரில் விளம்பரங்களைக் கவனியுங்கள். பச்சைப் புல்வெளி, மரவேலி, ஏப்ரன் கட்டிய அப்பா, ஓடி விளையாடும் பிள்ளைகள். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் 'பேக்யார்ட்' அது. அந்த முற்றம் தானாக முளைத்து வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் புறநகர்க் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1947-இல் நியூயார்க் அருகே கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் அவற்றில் பேர்போனது. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். இத்தகைய இனத்தடை ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் சொன்னது. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் வந்ததோ 1968-இல். இந்த இருபது ஆண்டு இடைவெளியில்தான் வெபரின் உருண்டைக் கெட்டில் கிரில் 1952-இல் வந்தது, கேஸ் கிரில்லும் முற்றங்களுக்கு வந்தது. முற்றம் இருந்தவருக்குத்தான் கிரில். முற்றம் யாருக்கு என்பதைத் தோல் நிறம் தீர்மானித்தது.

சமையலோ ஒடுக்கப்பட்டவர்களுடையது. 'பார்பிக்யூ' என்ற சொல்லே கரீபியத் தீவுகளின் தைனோ பூர்வகுடிகளிடமிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் குழி வெட்டி, விறகைத் தணலாக்கி, இரவெல்லாம் கண் விழித்து முழுப் பன்றியைப் பதமாக வேகவைத்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். அவர்களுடைய கைப்பக்குவம் புறநகர் முற்றத்துக்குள் போனது. அவர்களுக்கு அந்த வேலி திறக்கவில்லை.

நமக்கு இது புரியாத கதையா? 'பேக்யார்ட்' என்பதைத் தமிழில் கொல்லைப்புறம் என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டால் நம் பாட்டிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தா நினைவுக்கு வரும்? பண்ணை வீட்டின் முன்வாசல் மறுக்கப்பட்டு, கூலிக்கும் கஞ்சிக்கும் சுற்றிக்கொண்டு வந்து நின்ற இடம் அது. சேரியில் இரண்டு மூன்று சென்ட் மனையில் வீடு கட்டியவர்களுக்குக் கொல்லை என்று தனியாக என்ன மிஞ்சும்? கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடியில் அடைக்கப்பட்டவர்களுக்குக் கொல்லை ஏது? எனவே, எந்தக் கிரில் என்பதற்கு முன்னால் எங்கே வைப்பது என்ற கேள்வி நமக்கு எழுகிறது. பூங்கா, மொட்டை மாடி, விடுதி வளாகம், தெருமுனை என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் பொது இடம்தான். பொது இடத்தில் அடுப்பு மூட்டினால் என்ன நடக்கும்?

புகை என்பது சாக்கு

2018 ஏப்ரல் 29. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் மெரிட் ஏரிக்கரை. மக்கள் கூடிச் சமைக்கும் பூங்கா. கறுப்பின ஆண்கள் சிலர் அங்கே கரி கிரில்லில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் கரி கிரில்லுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி ஒரு வெள்ளைப் பெண் காவல்துறையை அழைத்தார். அந்தக் காட்சி காணொளியாக உலகம் முழுக்கப் பரவியது. காவலர்கள் வந்தார்கள், யாரையும் கைது செய்யவில்லை. அடுத்த மாதமே அதே ஏரிக்கரையில் கறுப்பின மக்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். கிரில் கொண்டுவந்தார்கள், பாட்டுப் போட்டார்கள், ஆடினார்கள், உண்டார்கள்.

கேஸா கரியா என்பது சமையல் ருசி பற்றிய விவாதம் என்று நாம் நினைக்கிறோம். ஓக்லாந்தில் அது யார் இங்கே இருக்கலாம் என்ற விவாதமாக மாறியது. விதிப்புத்தகத்தில் ஏதோ ஒரு வரி எப்போதும் இருக்கும். அது யாரைப் பார்த்ததும் வெளியே எடுக்கப்படுகிறது என்பதுதான் விஷயம். ஓக்லாந்து நமக்கு அந்நிய ஊரும் இல்லை. 1966-இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி பிறந்த ஊர். 1969-இல் அந்தக் கட்சி குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு சமைத்துப் போடத் தொடங்கிய ஊர். அந்தப் பெயரிலிருந்து உரம் பெற்றுத்தான் 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள்.

ஓக்லாந்தில் இது நடந்த அதே 2018-இல், ஜூலை மாதம், திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் ஒருவர் வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அங்கே புகையும் இல்லை, மாட்டுக்கறியும் இல்லை. வெந்தது சோறும் பருப்பும்தான். ஆகவே தோழர்களே, புகை வராத அடுப்பு வாங்கிவிட்டால் நம்மை மதிப்பார்கள் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அடுப்பை மாற்றினால் சாதி கண்ணை மூடிக்கொள்ளாது.

பிறகு ஏன் கேஸ்?

இங்கே எதிர்த்திசையில் ஒரு சறுக்கலும் இருக்கிறது. விறகும் தணலும்தான் நம் பண்பாடு, கேஸ் நம்முடையது இல்லை என்று மேடையில் சிலர் உருகுகிறார்கள். உப்புக்கண்டத்தைத் தணலில் வாட்டும் வாசம் நமக்கும் பிடிக்கும். அந்தத் தணலுக்கு ஊதுகுழல் பிடித்தவர் யார்? முள் வெட்டிச் சுமந்தவர் யார்? விறகுப் புகையில் இருமி இருமிக் கண் கலங்கியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். சிலிண்டர் இணைப்பு கிடைத்தும், அடுத்த சிலிண்டருக்குக் காசில்லாமல் மறுபடி விறகுக்குத் திரும்பிய வீடுகளை நாங்கள் களத்தில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். அவர்கள் பாரம்பரியத்துக்காகத் திரும்பவில்லை.

கரி கிரில் தணலாக அரை மணி நேரம் ஆகும். கேஸ் கிரில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடேறும். தீயைக் குமிழால் கூட்டலாம், குறைக்கலாம். முடிந்ததும் அணைத்துவிட்டு உட்கார்ந்து பேசலாம். கூட்டம் நடத்துகிறவர்களுக்கு அந்த நேரம் பெரிது. 'கேஸில் சுட்டால் வாசம் வராதே' என்பவர்களுக்கு ஒரு செய்தி: சுட்ட கறியின் வாசத்தில் பெரும்பங்கு, கொழுப்பும் சாறும் சூடான இரும்பில் சொட்டிப் புகைவதால் வருவது. கேஸ் கிரில்லில் பர்னருக்கு மேலே இருக்கும் உலோகத் தகடுகள் அந்த வேலையைச் செய்கின்றன. இன்னும் வேண்டுமென்றால், ஒரு தகரப் பெட்டியில் துளை போட்டு, காய்ந்த கொய்யாக் கட்டைச் சீவல்களை வைத்து ஓரமாகச் சூடேற்றுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் பர்னர். ஒரு பர்னர் போதாது. ஒரு பக்கம் தீயும் மறுபக்கம் தீயில்லாமலும் வைக்க முடிந்தால்தான் எலும்புக்கறியை உள்ளே வேகவைத்து, கடைசியில் மேலே சிவக்கச் சுட முடியும். அதற்குக் குறைந்தது இரண்டு வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மூன்று பர்னரும், இரண்டடிக்கு ஒன்றரை அடி கம்பித்தட்டும் போதும். ஆறு பர்னர் என்பது பெரும்பாலும் காட்சிக்கு.

விற்பவர் 'பிடியூ' எண்ணைப் பெரிதாகச் சொல்வார். அது மணிக்கு எவ்வளவு வெப்பம் என்பதன் அளவு, எவ்வளவு கேஸ் எரியும் என்பதன் அளவும்கூட. அதே எண் பெரிய தட்டில் பரவினால் சூடு குறையும். கம்பித்தட்டின் பரப்பையும் சேர்த்துக் கேளுங்கள். 30,000 பிடியூ உள்ள கிரில்லை முழுத் தீயில் வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 700 கிராம் கேஸ் போகும். 5 கிலோ சிலிண்டர் ஏழு மணி நேரம் வரும்.

சிலிண்டர் விஷயத்தில் கவனம். வீட்டின் 14.2 கிலோ சிலிண்டரைக் கழற்றி எடுத்துப் போனால் அன்று அம்மாவின் அடுப்பு அணையும். முகவரிச் சான்று கேட்காமல், அடையாள அட்டையைக் காட்டியே வாங்கக்கூடிய 5 கிலோ சிறிய சிலிண்டர் இருக்கிறது. மானியம் இல்லை. ஆனால் விடுதி மாணவர்களுக்கும் வாடகை அறையில் இருப்பவர்களுக்கும் அதுதான் தோது.

வெளிநாட்டிலிருந்து வரும் கிரில்லை விலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அமெரிக்கக் கிரில்லின் இணைப்பு நம் சிலிண்டருக்குப் பொருந்தாது. அது புரொப்பேனுக்கு அமைத்தது. நம் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கான கிரில் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அதன் ஜெட் துளை பெரிது, நம் கேஸில் தீ கட்டுக்கடங்காமல் எழும். இந்திய எல்பிஜிக்கு என்று எழுதியிருக்கிறதா, ரெகுலேட்டரும் டியூபும் தரமுத்திரை உள்ளவையா என்று பாருங்கள்.

உடல் எதனால் ஆனது? ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. மலிவான 430 ரகத்தில் ஒட்டும். சென்னை, கடலூர், தூத்துக்குடி உப்புக் காற்றில் அந்த இரண்டாவது ரகம் சீக்கிரம் துருப்பிடிக்கும். வார்ப்பிரும்புக் கம்பித்தட்டு சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும், தோசைக்கல்லைப் போல.

கடைசியாக உயிர். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். ஆகவே அடைத்த பால்கனியிலோ அறைக்குள்ளோ வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவையுங்கள். கொழுப்பு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கேஸை அணையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

தட்டை யார் கழுவுவது?

ஒவ்வொரு கிரில்லின் அடியிலும் கொழுப்பு வடியும் தட்டு ஒன்று இருக்கும். அதைப் பற்றி விளம்பரம் பேசாது. கிரில்லுக்குப் பணம் பிரிக்கும் நாளிலேயே அந்தத் தட்டை யார் கழுவுவது என்றும் எழுதி வையுங்கள். முறை வைத்துக் கழுவுங்கள். ஆண்கள் கையில் இடுக்கியும் கேமராவின் முன் சிரிப்பும், பெண்கள் கையில் வெங்காயமும் பாத்திரமும் என்றால் அது விளம்பரத்து முற்றத்தின் நகல்தான். அழுக்குக்கு ஒரு தனி ஆளை ஒதுக்கிவைக்கும் ஏற்பாட்டுக்கு நம் நாட்டில் என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கே வைப்பது? அனுமதி தேவைப்படும் இடத்தில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். 'சைவம் மட்டும்' என்று வாடகைக்குப் பலகை மாட்டும் நகரத்தில், எது தீ பாதுகாப்பு விதி, எது சாதி விதி என்று பிரித்துக் காட்டும் வேலையை அந்தக் காகிதம் செய்யும். தீ பாதுகாப்பு விதி என்றால் முழுமையாக மதியுங்கள். சாதி விதி என்றால் அந்தக் காகிதத்தோடு நம்மிடம் வாருங்கள்.

யாரை அழைப்பது? பக்கத்து அறைக்காரர்களை அழையுங்கள். கறி உண்ணாதவர்களுக்குக் கத்தரிக்காயும் சோளமும் தனிக் கம்பித்தட்டில் சுடுங்கள். என்ன கறி என்று யாராவது கேட்டால் குரலைத் தாழ்த்தாமல் பெயரைச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்!