காவல் நிலைய முற்றத்தில் சாகும் வண்டிகள்

சித்தூரானாலும் திருப்பதியானாலும் காவல் நிலைய முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பார்க்கிறோம். உழைப்பாளி தவணையில் வாங்கிய வண்டிகள் அவற்றில் உண்டு.

ஓடாத வண்டி தானே சாகும். பாதி டேங்க் பெட்ரோலென்றால் ஈரம் கோர்த்து உள்ளே துரு ஏறும். கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும். பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கி வெடிப்பு விடும். வீட்டில் நிறுத்தினால் டேங்கை நிரப்பி, பேட்டரியைக் கழற்றி, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி மூடி வைக்கிறோம். அரசின் முற்றத்தில் யார் செய்கிறார்கள்?

பிடித்த வண்டியை நிலையத்தில் நெடுநாள் வைப்பதில் பயனில்லை, பிணைப்பத்திரம் வாங்கி உரியவரிடம் விடலாம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவோ படமெடுத்துப் பட்டியலிட நீதிமன்றத்துக்கு 14 நாள், பிறகு உத்தரவிட 30 நாள் என்கிறது. (செம்மர வழக்கில் வனத்துறையே பறிமுதல் செய்யலாம், அது வேறு போராட்டம்.)

'வழக்கு முடியட்டும்' என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகலோடு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். தெலுங்கில் எழுத ஆள் வேண்டுமானால் சங்கத்துக்கு வாருங்கள்.