விற்ற பின்னரும் சாவி யார் கையில்?

காசு கொடுத்து வாங்கிய பொருள் எப்போது நமக்குச் சொந்தமாகிறது? யாழ்ப்பாணத்துச் சந்தையிலும் சரி, ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவிலும் சரி, இக்கேள்விக்கு நேற்றுவரை ஒரே விடைதான் இருந்தது. பணம் கைமாறியதும் பொருள் வாங்கியவருக்கு உரியது. விற்றவர் பின்னர் வீடு தேடி வந்து அதனைப் பூட்டிவிட்டுச் செல்ல முடியாது. ஆனால் எமது பிள்ளைகளின் கைகளில் இன்றுள்ள மின்னணு விளையாட்டுக் கருவிகள் இந்த விடையைப் பொய்யாக்கி வருகின்றன. விற்ற நிறுவனம் தான் நினைத்த வேளையில் தொலைவிலிருந்தே கருவியைத் தடைசெய்கிறது. தடைசெய்யப்பட்ட கருவியில், கடையில் முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டைக்கூடத் தரவிறக்கம் செய்ய இயலாத நிலை ஏற்பட்டதுண்டு.

இது சிறுபிள்ளைகளின் விளையாட்டு விவகாரந்தானே என்று ஒதுக்கிவிடலாகாது. துப்புரவுத் தொழிலிலும் உணவகச் சமையலறைகளிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில், சில ஆயிரம் குரோணர்களைப் பிள்ளையின் பிறந்தநாளுக்கென ஒதுக்கும் பெற்றோர் எம்மிடையே பலர். புதிதாக வாங்க வசதியற்றவர்கள் பாவித்த கருவியையும் பாவித்த விளையாட்டுகளையும் நாடுகின்றனர். நீண்ட குளிர்காலத்தில், வகுப்புத் தோழர்களோடு பிள்ளை ஒன்றாகச் சேர்ந்து கொள்ளும் வழிகளில் ஒன்றாகவும் இது அமைந்துவிட்டது. எனவே இதனால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் வசதி குறைந்தவர்களும், மொழி தெரியாதவர்களும், முறைப்பாடு செய்யத் தயங்குபவர்களுமே ஆவர்.

விடயத்தைச் சற்று விளக்குவோம். யப்பானிய நிறுவனமான நின்ரென்டோ, 2025ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி ‘சுவிற்ச் 2’ என்னும் கருவியை உலகெங்கும் விற்பனைக்கு விட்டது. அதனுடன் ‘விளையாட்டுச் சாவி அட்டை’ என்னும் புதிய முறையும் வந்தது. கடையில் பெட்டி ஒன்றை வாங்குகிறோம்; அதனுள் சிறிய அட்டை ஒன்றும் உண்டு. ஆனால் விளையாட்டு அந்த அட்டையில் இல்லை. அட்டை வெறும் சாவி மட்டுமே. விளையாட்டு முழுவதையும் இணைய வழியாக நிறுவனத்தின் கணினியிலிருந்து இறக்கிக் கொள்ளவேண்டும். பெட்டியின் முகப்பில் இது குறிப்பிடப்பட்டுள்ளது என்பது உண்மையே. ஆயினும் அச்சிறு எழுத்தின் பொருளை எத்தனை பெற்றோர் விளங்கிக் கொள்கின்றனர்? நாட்டின் வெளியீடுகளைப் பாதுகாத்துவரும் யப்பானியத் தேசிய நூலகமே, உள்ளடக்கம் அற்றவை என்ற காரணத்தால் இவ்வட்டைகளைத் தனது சேகரிப்பில் ஏற்பதில்லை என 2025இல் தெரிவித்தது. நூலகம் வெறும் உறை என்று கருதும் ஒன்றுக்கே எம்மவர் புத்தகத்தின் விலையைச் செலுத்துகின்றனர்.

இனித் தடையைப் பார்ப்போம். தனது நிபந்தனைகளை மீறுவோரின் கருவியை நிரந்தரமாகப் பயனற்றதாக்கலாம் என்னும் வாசகத்தை, 2025 மே மாதத்தில் நின்ரென்டோ தனது அமெரிக்கப் பாவனையாளர் உடன்படிக்கையில் சேர்த்தது. ஐரோப்பிய உடன்படிக்கையின் வாசகம் இதனினும் மென்மையானது. இங்குள்ள நுகர்வோர் சட்டங்களின் வலிமையே இதற்குக் காரணம் என்று கருத இடமுண்டு. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ மாநில நுகர்வோர் பாதுகாப்பு நிறுவனமான புறொக்கொன், இத்தகைய வாசகங்கள் முறையற்றவை எனக் கூறி அதே ஆண்டில் நின்ரென்டோவுக்கு அறிவித்தல் அனுப்பியது.

கள்ளப் பிரதிகளைப் பாவிப்போருக்குத்தானே தடை, நேர்மையானவர்களுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலைக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு விளையாட்டு அட்டைக்கும் தனியான அடையாள இலக்கம் உண்டு. ஒருவர் அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டு மூல அட்டையை விற்றுவிட்டால், அதே இலக்கம் இரண்டு இடங்களில் தோன்றும். அப்போது எதுவுமறியாது பாவித்த அட்டையை வாங்கியவரின் கருவியும் தடைக்குள்ளாகிறது. இவ்வாறு தடைசெய்யப்பட்ட ஒருவர், அட்டையை வாங்கியதற்கான ஆதாரங்களைக் காட்டிய பின்னரே தடை நீங்கியதாக 2025இல் செய்திகள் வெளிவந்தன. மைக்றோசொப்ற் நிறுவனம் 2009 நவம்பரில் திருத்தம் செய்யப்பட்ட எக்ஸ்பொக்ஸ் 360 கருவிகளைப் பெருந்தொகையில் இணையச் சேவையிலிருந்து நீக்கியபோது, பத்து இலட்சம் வரையிலான கருவிகள் பாதிக்கப்பட்டதாக ஊடகங்கள் மதிப்பிட்டன. அவற்றுட் பல பாவித்த பொருட்களின் சந்தைக்கு வந்தன. தண்டனை பெற்றவர் கருவியை விற்றுத் தப்பிவிட, தண்டனை கருவியோடு சேர்ந்து அடுத்தவர் வீட்டுக்குச் சென்றது.

திருட்டுப் பிரதிகளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. படைப்பவரின் உழைப்புக்கு விலை உண்டு. இணையவழிப் போட்டிகளில் மோசடி செய்பவரை அப்போட்டிகளிலிருந்து விலக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் மைதானத்தில் பிழைவிட்டவரை மைதானத்திலிருந்து வெளியேற்றுவது வேறு. அவர் வீட்டு அலுமாரியில் உள்ள பந்தையும் பறித்துக்கொள்வது வேறு. விலை கொடுத்து வாங்கிய விளையாட்டைப் பெறும் வழியையே அடைப்பது இரண்டாவது வகையைச் சேர்ந்ததாகும்.

இங்கு எமது வாசகர்கள் நன்கறிந்த ஓர் ஒப்பீட்டைக் கூறுவது பொருத்தமானது. நோர்வேயில் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போது, அந்த முடிவு எவ்வளவு கசப்பானதாயினும், அதற்கான காரணங்கள் எழுத்தில் தரப்படல் வேண்டும். மேன்முறையீடு செய்வதற்குப் பொதுவாக மூன்று வாரகால அவகாசம் உண்டு. அம்மேன்முறையீட்டை முடிவெடுத்த திணைக்களத்துக்கு அப்பாற்பட்ட தனியான சபை ஒன்று ஆராய்கிறது. ஓர் அரசாங்கமே தன் எல்லைக்குள் வந்தவருக்கு இவ்வளவு நடைமுறையைக் கடைப்பிடிக்கவேண்டியுள்ளது. விளையாட்டுப் பொருள் விற்கும் நிறுவனமோ திரையில் ஒரு பிழை இலக்கத்தைக் காட்டிவிட்டு மௌனமாகிவிடுகிறது. குற்றம் என்ன, சான்று என்ன, யாரிடம் முறையிடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைப்பது அரிது. காரணம் கூறாத கதவடைப்பு எத்தகையது என்பதை அகதிகளாகிய எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இத்தகைய கதவுகளைத் தட்டுவதில் நோர்வேக்கு நீண்ட அனுபவம் உண்டு. பணம் கொடுத்து வாங்கிய டீவீடீ தட்டைத் தான் விரும்பிய கணினியில் பார்ப்பதற்காக அதன் பூட்டைத் திறக்கும் நிரலில் பங்குகொண்ட யொன் லெக் யொகான்சன் என்ற இளைஞர்மீது இங்கு குற்றவழக்குத் தொடரப்பட்டது. 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே ஆண்டின் இறுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்விடுதலையை உறுதிப்படுத்தியது. முறையாக வாங்கிய தட்டைப் பார்ப்பது வாங்கியவரின் உரிமை என்பதே அத்தீர்ப்புகளின் சாரமாகும்.

1953இல் நிறுவப்பட்ட நோர்வேயின் நுகர்வோர் சபை, 2006இல் அப்பிள் நிறுவனத்தின் ஐரியூன்ஸ் பாடல்களில் இடப்பட்டிருந்த பூட்டுக்கு எதிராக முறைப்பாடு செய்தது. வேறு நாடுகளின் நுகர்வோர் அமைப்புகளும் அதில் இணைந்துகொண்டன. 2009இல் அப்பிள் தன் பாடல்களுக்கான அப்பூட்டை நீக்கியது. 2012இல் நோர்வேயில் வாழ்ந்த ஒரு பெண்ணின் அமேசன் கணக்கு மூடப்பட்டு, அவர் விலை கொடுத்து வாங்கிய மின்னூல்கள் அனைத்தும் எட்டாமற் போயின. போதிய விளக்கம் தர நிறுவனம் மறுத்தது. செய்தி உலகெங்கும் பரவிய பின்னரே கணக்கு மீண்டும் திறக்கப்பட்டது. முன்பதிவு செய்த விளையாட்டை இரத்துச் செய்ய முடியாது என்ற நின்ரென்டோவின் நிபந்தனையையும் 2018இல் இதே நுகர்வோர் சபைதான் கேள்விக்குள்ளாக்கியது. நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் ஜேர்மனியில் இருப்பதால் அந்நாட்டு நுகர்வோர் கூட்டமைப்பு வழக்கைத் தொடர்ந்தது. முதல் நீதிமன்றில் வெற்றி கிட்டாதபோதும், மேன்முறையீட்டுக் காலத்தில் நிறுவனம் தன் நிபந்தனையைத் தளர்த்தியது.

உடன்படிக்கையை வாசித்து ‘சம்மதம்’ என்று அழுத்தியவர் நீங்கள்தானே என்று நிறுவனங்கள் கூறும். 2016இல் நுகர்வோர் சபை சுமார் முப்பது கைத்தொலைபேசிச் செயலிகளின் நிபந்தனைகளைப் பொதுவில் உரத்து வாசிக்கச் செய்தது. முடிப்பதற்கு முப்பது மணித்தியாலங்களுக்கு மேற்பட்டது. நோர்வேஜிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவராலேயே வாசித்து முடிக்கவியலாத ஒன்றை, தமிழ்த் தாயொருத்தி வாசித்து விளங்கிச் சம்மதித்தாள் என்று கூறுவது நகைப்புக்குரியது. இந்நாட்டுச் சட்டமும் அவ்வாறு கூறவில்லை. நியாயமற்ற நிபந்தனை கையொப்பமிட்ட பின்னரும் செல்லாததாகலாம்.

சட்டத்தில் உள்ளவற்றை எமது மக்கள் அறிந்திருத்தல் அவசியம். 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் கொள்வனவுச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் குறையிருப்பின் முதற்பொறுப்பு விற்ற கடைக்கே உரியது. ‘உற்பத்தி செய்த கொம்பனியிடம் போய்க் கேள்’ என்று கடைக்காரர் கைகழுவ முடியாது. முறைப்பாட்டுக் காலம் 2 ஆண்டுகள். கணிசமான அளவு நீடித்து உழைக்கவேண்டிய பொருட்களுக்கு 5 ஆண்டுகள். கைத்தொலைபேசிக்கும் இந்த 5 ஆண்டுக் காலம் பொருந்தும் என்று நோர்வே உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. பாவித்த பொருளாயினும் கடையில் வாங்கியிருந்தால் இச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஏற்கனவே தடைசெய்யப்பட்ட கருவியை அந்த உண்மையைக் கூறாது விற்ற கடை குறையுள்ள பொருளையே விற்றிருக்கிறது. திருத்தம், மாற்றீடு, விலைக்குறைப்பு, பணத்தைத் திருப்பிப் பெறுதல் ஆகியன வாங்கியவருக்குரிய வழிகளாகும்.

2023 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த எண்ணிமச் சேவைகள் சட்டம், தரவிறக்கும் விளையாட்டுகளையும் நுகர்வோர் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்துள்ளது. அச்சட்டம் தரும் உரிமைகளை எந்த உடன்படிக்கையாலும் நுகர்வோருக்குப் பாதகமாகக் குறைக்க முடியாது. தரவிறக்கம் இன்றி இயங்காத பெட்டியை விற்பவர், அட்டையை மட்டுமன்றி அந்தத் தரவிறக்கத்தையும் சேர்த்தே விற்றிருக்கிறார் என்பதே எமது நிலைப்பாடு. தவறிழைக்காத ஒருவருக்கு அது மறுக்கப்படுமாயின், விற்ற பொருள் இன்னும் முழுமையாகக் கையளிக்கப்படவில்லை என்றே கொள்ளவேண்டும்.

தனியாரிடம் வாங்கும்போது நிலைமை வேறு. அங்கு நுகர்வோர் சட்டம் அன்றி, அதனினும் குறைந்த பாதுகாப்புத் தரும் 1988ஆம் ஆண்டின் கொள்வனவுச் சட்டமே பொருந்தும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னர் கருவியை இணையத்தில் இணைத்து, விளையாட்டு ஒன்றைத் தரவிறக்கிப் பார்க்கவேண்டும். விற்பவரின் விளம்பரத்தையும் அவர் எழுதிய குறுஞ்செய்திகளையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும். பணத்தைக் கையில் கொடுக்காது வங்கிமூலமோ ‘விப்ஸ்’ மூலமோ செலுத்துவது நன்று. கடையில் வாங்குவோர் பற்றுச்சீட்டைக் குப்பையில் போடலாகாது. தடை ஏற்பட்டால் திரையில் தோன்றும் பிழை இலக்கத்தைப் படமெடுத்து, காலந்தாழ்த்தாது கடைக்கு எழுத்தில் முறையிடவேண்டும். கடை மறுத்தால் நுகர்வோர் மேற்பார்வைத் திணைக்களத்திடம் இணக்க முயற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அதுவும் பயன்தராவிடின் நுகர்வோர் முறைப்பாட்டுச் சபை உண்டு.

எழுதித் தர இங்கு படிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர்; சட்டம் இருக்கிறது. எம்மைத் தடுப்பது அச்சம் ஒன்றே. ‘விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது’ என்ற அறிவித்தலின் கீழ் நின்று பொருள் வாங்கிப் பழகியவர்கள் நாம். இங்கு வந்தபின், கேள்வி கேட்டால் வதிவிட அனுமதிக்குப் பாதகம் ஆகுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. இப்பயம் ஆதாரமற்றது. நுகர்வோர் சட்டம் வாங்கியவரின் கடவுச்சீட்டைப் பார்த்து உரிமை வழங்குவதில்லை. கடைமீது முறைப்பாடு செய்வது அரசுக்கு எதிரான செயலும் அன்று. இந்நாட்டவர் அன்றாடம் செய்கின்ற காரியம் அது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது எமது முன்னோர் வாக்கு.

நுகர்வோர் சபையிடமும் மேற்பார்வைத் திணைக்களத்திடமும் நாம் விடுக்கும் வேண்டுகோள்கள் மூன்று. தடைவிதிக்கும் நிறுவனம் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அம்முடிவை மனிதர் ஒருவர் மீளாராயும் மேன்முறையீட்டு வழி இருக்கவேண்டும். இணையவழிப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டவரும், முன்னர் விலை கொடுத்து வாங்கிய விளையாட்டைத் தரவிறக்கி வீட்டில் விளையாட அனுமதிக்கப்படவேண்டும். இன்று விளையாட்டுக் கருவியில் ஏற்றுக்கொள்ளப்படும் வழக்கம் நாளை வாகனத்துக்கும், வீட்டுக் கதவுப் பூட்டுக்கும், நோயாளியின் மருத்துவக் கருவிக்கும் வரும். பொருளை விற்றவர் அதன் சாவியையும் வாங்கியவரிடம் கையளிக்கவேண்டும் என்று இப்போதே உரத்துச் சொல்வது எமது மக்களின் கடமையாகும்.