பழங்காரும் புதுக்கவசமும்

யாழ்ப்பாண வீதிகளில் இன்றும் ஓடும் ஒஸ்ரின், மொறிஸ் கார்களைக் காணும் வெளியூரார் வியப்படைகின்றனர். நாம் வியப்பதில்லை. அவை நம்மோடு பட்டினி கிடந்தவை. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை குடாநாட்டை இறுக்கியபோது பெற்றோல் மருந்தைப்போல் அருமையாயிற்று. காபரேற்றரிலே சில துளி பெற்றோலை வார்த்து இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயிலே காரை ஓட்டிக் காட்டினர் நம்மவர். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரங்களாதலின் அவை அதனைப் பொறுத்துக்கொண்டன. நோயாளரை ஆசுபத்திரிக்குச் சுமந்தவை அவை. அவற்றை உயிரோடு வைத்திருந்த கராச்சுத் தொழிலாளரின் கைத்திறனுக்கு எவரும் பட்டம் வழங்கினாரல்லர்.

இன்று அக்கார்களுக்கு வேறொரு சோதனை வந்துள்ளது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு வழி திறந்தபோதும், வரிச்சுமையினால் புதிய கார் ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் கமக்காரருக்கும் எட்டாக்கனியாகவே உள்ளது. ஆகவே பழங்காருக்கு மதிப்பு ஏறிற்று. மதிப்போடு அலங்காரமும் வந்தது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே, கதவுகளின் கீழ், நிலத்தைத் தொடுமாப்போல் பொருத்தப்படும் கவசத்தை ‘சைட் ஸ்கேர்ட்’ என வழங்குவர். இளைஞர் தம் தந்தையின் காரை அழகுசெய்ய விரும்புவது குற்றமன்று. பழையதை எறியாது பேணும் அன்பே அது. ஆனால் அக்கவசத்தின் பின்னால் இருப்பது யாது என்பதே நமது கேள்வி.

குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கு வெகு தொலைவில் இல்லை. உப்புக்காற்று இரும்பைத் தேடி வருகிறது. மாரியிலே சில்லு வாரியெறியும் சேறு, கதவின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டில் படிகிறது. நீர் வடிய வேண்டிய துளைகள் அடைபடுகின்றன. தகடு உள்ளிருந்தே உக்குகிறது. உக்கிய தகட்டைக் கவசத்தால் மூடிப் பளபளவென்று மை பூசி விற்பது, கறையான் தின்ற பனைவளைக்கு வெள்ளையடித்து வீடு விற்பதற்கு ஒப்பாகும். வாங்குபவர் கூரையை அண்ணாந்து பார்த்து மகிழ்வார். கூரையோ அவர் தலைமேல் விழக் காத்திருக்கும்.

இது வெறும் உவமையன்று. ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் போன்ற கார்களில் உடலைத் தாங்குவதற்கெனத் தனியான இரும்புச் சட்டம் உண்டு. 1948இல் பிறந்த மொறிஸ் மைனருக்கோ அத்தகைய தனிச்சட்டம் இல்லை. அதன் உடலே அதன் எலும்பு. கதவடித் தகடு அங்கே அணியன்று, முதுகுத்தண்டின் ஒரு பகுதி. அது உக்கினால் கார் நடுவே தொய்யும். கதவு சரிவரப் பூட்டாது. மோதலில் உள்ளிருப்போருக்குக் காப்பும் இராது. கண்ணாடி நார்க் கவசம் எத்துணை தடிப்பாயினும் அந்தச் சுமையைத் தாங்காது.

ஆதலின் முறையான வேலை எது என்பதில் ஐயமில்லை. முதலில் தகட்டைத் தட்டிப் பார்த்து, நல்ல இரும்பு வரும்வரை உக்கலை வெட்டியெறிதல் வேண்டும். வெட்டுமுன் உடலுக்கு முட்டுக் கொடுத்து, கதவிடைவெளியை அளந்துகொள்ளல் வேண்டும். இருபக்கத்தையும் ஒருங்கே வெட்டலாகாது. புதுத்தகட்டை ஒட்டியபின் உட்புறத்துக்குத் துருத்தடுப்பு மை இடவேண்டும். கவசத்துக்கு அச்சு எடுப்பது அதன்பின்னரே. மரத்திலோ களியிலோ உருவமைத்து, மெழுகு பூசி, கண்ணாடி நார்ப்பாயைப் பிசினில் ஊறவைத்துப் படைபடையாகப் படியச் செய்வர். பிசினை இறுகச் செய்யும் மருந்தை அளந்து ஊற்றுதல் அவசியம். மிகினால் சூடேறி வெடிக்கும், குறைந்தால் இறுகாது. பொருத்தும்போது ஜாக்கி வைக்கும் இடத்தையும் நீர்வடியும் துளைகளையும் மூடாதிருத்தல் வேண்டும். தோட்டத்து ஒழுங்கையிலும் வயற்கரைப் பாதையிலும் போக வேண்டிய காருக்கு, நிலத்தை உராயும் கவசம் பகையே.

இக்கலைக்கு நாம் புதியவரல்லர். நோர்வே உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் கண்ணாடி நார்ப் படகுகளைக் கட்டிற்று. இன்றும் நமது கரையோர மீனவர் தொழில் செய்வது அத்தகைய படகுகளிலேதான். அலையைத் தாங்கும் படகைச் செப்பனிடும் கைக்குக் காரின் கவசம் பெரும் வேலையோ?

எனினும் ஒன்று சொல்லாதிருத்தல் இயலாது. 2025 சனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டம் தொடங்கியதும் பொலிசார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிக அலங்காரங்களைக் கழற்றுவிக்க முற்பட்டனர். பாதசாரியைக் காயப்படுத்தும் கூரிய இரும்பைக் கழற்றுவது நியாயமே. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வீதியோரத்தில் நிற்கும் பொலிசாரின் கண்ணுக்குக் கவசம் தெரியும். கவசத்துக்குள் உக்கிய எலும்பு தெரியாது. அலங்காரத்தை மட்டும் பிடித்து ஆபத்தை ஓடவிடும் சட்டம், சட்டத்தின் நிழலேயன்றிச் சட்டமன்று.

ஆகவே நாம் கேட்பன மூன்று. பழைய கார்களின் அடித்தகட்டையும் சட்டத்தையும் தகுதிவாய்ந்த கைகள் சோதிக்கும் ஏற்பாடு வடமாகாணத்திலே வேண்டும். அனுமதிக்கப்படும் மாற்றம் எது, தடுக்கப்படுவது எது என்பது தெளிந்த தமிழிலே அச்சிடப்பட்டு ஒவ்வொரு கராச்சிலும் தொங்கவேண்டும். முப்பது ஆண்டு கைப்பழக்கம் உடைய தொழிலாளருக்கு, அவர்தம் வேலையைக் கண்டே தகைமைச் சான்றிதழ் வழங்கவேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவை இதற்குத் துணைநிற்கலாம்.

நம்மவருக்கும் ஒரு சொல். கவசத்துக்குக் காசு கொடுக்குமுன் தகட்டைத் தட்டிப் பாருங்கள். ஓசை தெளிவாயின் அணி செய்யுங்கள். ஓசை மந்தமாயின் முதலில் எலும்பைத் தேற்றுங்கள். போர்க்காலத்தில் நம்மைச் சுமந்த வண்டி அது. அதற்கு நாம் செய்யும் கைம்மாறு பூச்சாக மட்டும் இருத்தலாகாது.